எண்ணெய் போட்டால் துப்பாக்கி சுத்தமாகிவிடுமா?

வீட்டில் உரிமத்தோடு ரிவால்வர் வைத்திருப்பவரிடம் பராமரிப்பைப் பற்றிக் கேட்டால், "அப்பப்ப எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிடுவேன்" என்பார். ரைஃபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவரும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் துப்பாக்கிக்குள் படியும் அழுக்கில் பெரும்பகுதியை எண்ணெயால் எடுக்க முடியாது. அழுக்கின் மேலேயே எண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தால் இரண்டும் சேர்ந்து பிசினாக இறுகிவிடும். வருஷக்கணக்கில் அப்படிக் கவனித்த ரிவால்வரில், தோட்டாக்கள் உட்காரும் உருளையான சிலிண்டர் சுற்றவே அடம்பிடிக்கும்.

உள்ளே என்ன அழுக்கு சேர்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் இங்கே காரணங்களுக்குத்தான் அதிக இடம். செய்முறை அதன் பிறகு வரும். இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்குபவர்கள் பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல் வைத்திருப்பார்கள், கிளப்புகளில் .22 பிஸ்டல் புழங்கும் (இந்த எண்கள் குண்டின் விட்டத்தைக் குறிப்பவை). இவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: காலி செய்வது

"துப்பாக்கியைத் துடைத்தபோது குண்டு பாய்ந்தது" என்று அவ்வப்போது செய்தி படிக்கிறோம். துடைப்பதால் எந்தத் துப்பாக்கியும் வெடிப்பதில்லை. உள்ளே தோட்டா இருப்பது தெரியாமல் விசையில் விரல் படுவதால் வெடிக்கிறது. எனவே இதை ஒரு சடங்குபோலத் தலையாட்டிவிட்டுக் கடந்து போகாதீர்கள்.

ரிவால்வரில் இது சுலபம். சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களைத் தள்ளி எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையையும் கண்ணால் பாருங்கள்; விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். பிஸ்டலில்தான் வரிசை முக்கியம். முதலில் தோட்டாக்களை அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். வரிசை மாறினால், இழுத்ததும் உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும், ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அதே இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒன்று விழுந்ததைப் பார்த்தவர் "காலியாகிவிட்டது" என்று நம்பிவிடுவார். அதற்கப்புறம் மேகசினைக் கழற்றினாலும் அந்த ஒரு தோட்டா உள்ளேயேதான் இருக்கும்.

க்ளாக் போன்ற சில பிஸ்டல்களைப் பிரிப்பதற்கே விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த வகைதான் என்பதால் சொல்கிறேன். ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, தோட்டா உட்காரும் அறையை விரலால் தொட்டுப் பார்க்காமல் அந்த விசையைத் தொடவே கூடாது. எந்தத் துப்பாக்கியானாலும் சரி, கழற்றிய தோட்டாக்களை வேறு அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். வேலை நடக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

தோசைக்கல்லிலிருந்து தொடங்குவோம்

நாள்பட்ட இரும்பு தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கரி பிடித்திருக்கும். மேலே, ஓரங்களில், பழைய எண்ணெய் காய்ந்து பழுப்பு நிறப் பிசுக்காக ஒட்டியிருக்கும். கழுவிவிட்டு ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு பூக்கும். மூன்றும் "அழுக்கு"தான், ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கரியைச் சுரண்ட வேண்டும், பிசுக்கைக் கரைக்க வேண்டும், துருவை வரவிடாமல் தடுக்க வேண்டும். தடுப்பதற்கு, கழுவிக் காயவைத்த கல்லில் இலேசாக எண்ணெய் தடவுகிறோம். கரியின் மேல் எண்ணெய் தடவினால் கல் சுத்தமாகிவிட்டது என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்.

துப்பாக்கியும் இரும்புதான், அங்கும் நெருப்பும் எண்ணெயும் ஈரமும்தான். ஆனால் கல்லில் இல்லாத சில பொருட்களும் அதில் சேர்கின்றன. ஒருமுறை சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரியும்.

சுடும்போது உள்ளே நடப்பது

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். வெளியே பித்தளை உறை. அதன் நுனியில் செருகியிருக்கும் குண்டு. உறைக்குள் வெடிமருந்துத் துகள். அடியில், தட்டினால் தீப்பொறி கக்கும் சிறு மருந்து. இதை பிரைமர் என்பார்கள்.

விசையை அழுத்தியதும் ஊசி பிரைமரைத் தட்டுகிறது. பிரைமரின் பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வாயுவாக மாறி, குண்டை பேரலுக்குள் தள்ளுகிறது. பேரல் என்பது குண்டு ஓடும் இரும்புக் குழாய். அதன் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். இவற்றுக்கு ரைஃப்ளிங் என்று பெயர். குண்டு இந்தப் பள்ளங்களில் இறுகக் கவ்வி, சுழன்றுகொண்டே வெளியேற வேண்டும்; சுழன்றால்தான் நேராகப் போகும். அதற்காகவே குண்டைப் பேரலின் உள்ளளவைவிட இம்மியளவு பெரிதாகச் செய்கிறார்கள். அந்த உரசலிலேயே குண்டின் உலோகம் கொஞ்சம் பேரலில் ஒட்டிக்கொள்கிறது.

ஆக, அழுக்கு மூன்று வழிகளில் வருகிறது: எரிந்த மருந்திலிருந்து, உரசிய குண்டிலிருந்து, பிரைமரிலிருந்து. வெளியிலிருந்து வரும் ஈரமும் கைவியர்வையும் தனிக்கணக்கு.

கரி

இன்றைய வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். 1884இல் பிரான்ஸில் பால் வியேல் செய்து காட்டிய புகையில்லா மருந்தின் வழிவந்தது இது. அதற்கு முன் இருந்தது பொட்டிலுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்து. அது எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். பயிர்க்காவலுக்காக உரிமம் பெற்ற, குழலின் வாய்வழியாக வெடிமருந்திடும் நாட்டுத் துப்பாக்கியைக் கையாண்ட பெரியவர்களுக்கு அந்த மையும் சேறும் நன்றாகத் தெரியும். புகையில்லா மருந்தில் மிச்சம் மிகக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. கரிப்படலமும் முழுதாக எரியாத சிறு துகள்களும் மிஞ்சுகின்றன. இவை பேரலில் மட்டுமல்ல, வாயு கசியும் எல்லா இடங்களிலும் போய் உட்காரும்.

ஈயமும் செம்பும்

.22 குண்டுகளில் பெரும்பாலானவை வெறும் ஈயம். ரிவால்வரில் போடும் .32 தோட்டாக்களிலும் ஈயக் குண்டு சகஜம். ஈயம் மென்மையானது, பேரலில் சாம்பல் நிறப் பூச்சாக ஒட்டும். பிஸ்டலில் போடும் .32 தோட்டாவில் குண்டின் மேல் பெரும்பாலும் செம்புக் கலவை உறை இருக்கும். அது ஒட்டும்போது பேரலின் வாயில் விளக்கடித்துப் பார்த்தால் செந்நிறக் கோடுகள் தெரியும். இரண்டுமே கரிக்குப் போடும் கரைப்பானுக்கு முழுதாக மசியாது. ஈயத்தைப் பிரஷ்ஷால் உராய்ந்துதான் எடுக்க வேண்டும். செம்புக்கு அம்மோனியா கலந்த தனிக் கரைப்பான் உண்டு.

உப்பு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துப்பாக்கியைச் சுத்தம் செய்வது பற்றி நம் ஊரில் வழங்கும் பல பழக்கங்கள் இங்கிருந்துதான் வந்தன.

பழைய காலத்து பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறும். நம் சமையலுப்பின் நெருங்கிய உறவு அது. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, பேரலுக்குள்ளேயே உப்புநீராகி, ஓரிரு நாளில் இரும்பை அரிக்கத் தொடங்கிவிடும். உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் .303 ரைஃபிள் காலத்து ராணுவத்தில் சுட்டு முடித்ததும் பேரலில் கொதிநீர் ஊற்றச் சொன்னார்கள். வெந்நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். பேரலும் சூடேறுவதால் மிச்ச ஈரம் சீக்கிரம் காயும். பிறகு புல்த்ரூ எனும் கயிற்றில் துணியைக் கோத்து இழுப்பார்கள். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்தக் கயிறும் 'சிந்தி' என்று சொல்லும் துண்டுத்துணியும் நினைவிருக்கும்.

1920களில் ஜெர்மனியில் சினாக்ஸிட் என்ற பெயரில் குளோரேட் இல்லாத பிரைமர் வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல எல்லா நாடுகளும் மாறின. இன்று கடையில் வாங்கும் .22, .32 தோட்டாக்களில் இந்த உப்புப் பிரச்சினை கிடையாது. ஆகவே தாத்தா கொதிநீர் ஊற்றினார் என்பதற்காக நீங்களும் ஊற்ற வேண்டியதில்லை. அவர் காலத்துத் தோட்டாவுக்கு அவர் செய்ததுதான் சரி. பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டாவோ கருமருந்தோ சுடுபவர்களுக்கு இன்றும் தண்ணீர்தான் முதல் மருந்து.

கொஞ்சம் நிறுத்தித் தொகுத்துக்கொள்வோம். கரி மருந்திலிருந்து வருகிறது. ஈயமும் செம்பும் குண்டிலிருந்து வருகின்றன. உப்பு பழைய பிரைமரின் மிச்சம். இந்த நான்கில் எதையும் வெறும் எண்ணெய் எடுத்துவிடாது.

அப்படியென்றால் எண்ணெய் எதற்கு?

பராமரிப்பில் மூன்று வேலைகள் இருக்கின்றன. அழுக்கை எடுப்பது ஒன்று, துருவைத் தடுப்பது ஒன்று, உரசும் பாகங்களை வழுக்க வைப்பது ஒன்று. முதல் வேலைக்குக் கரைப்பான் வேண்டும். சால்வென்ட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அடுத்த இரண்டுக்கும்தான் எண்ணெய். 1903இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி என்பவர் கொண்டுவந்த ஹாப்பீஸ் நம்பர் 9 இன்றும் விற்கும் கரைப்பான். மூன்று வேலையையும் ஒரே புட்டியில் செய்யும் கலவைகளும் உண்டு. வீட்டில் வைத்து எப்போதாவது சுடுபவருக்கு அவை போதும். ஆனால் அவற்றையும் முதலில் கரைப்பானாகப் போட்டு, துடைத்து எடுத்து, அதன் பின் புதிதாக ஒரு துளியை எண்ணெயாகப் போட வேண்டும். தெளித்துவிட்டு அப்படியே உறைக்குள் போடுவதில் பயனில்லை.

வீட்டில் இருக்கும் எண்ணெய்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஊசி நகரும் பாதையில் மெழுகுபோல உட்கார்ந்துகொள்ளும். உறையாத இடத்திலும் நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாமே நாளாவட்டத்தில் கெட்டிப்படும் தாவர எண்ணெய்கள்தான். தையல் மெஷின் எண்ணெய் தாவர எண்ணெய் அல்ல என்பதால் அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் மிகவும் நீர்த்தது, சீக்கிரம் வழிந்துவிடும். மண்ணெண்ணெய் கரியை இளக்கும். கூடவே இருந்த எண்ணெய்ப் படலத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதைப் போட்டால் நன்றாகத் துடைத்து, உடனே எண்ணெய் தடவியாக வேண்டும். பெட்ரோலைத் தொடாதீர்கள், மூடிய அறையில் தீப்பிடிக்கும் ஆபத்து.

டபிள்யூடி-40 வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1953இல் சான் டியேகோவில் உருவானது அது. உலோகத்தின் மேல் இருக்கும் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தார்கள். மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக அடிக்கலாம். மாதக்கணக்கில் துருவைத் தடுக்கும், உரசலைத் தாங்கும் என்று நம்பி வைத்துவிடக் கூடாது.

அளவு விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தேவைக்கு மேல் போட்ட எண்ணெய் தூசியையும் எரியாத மருந்துத் துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேகசினுக்குள் எண்ணெய் போனால் தோட்டாவின் பிரைமர் வரை ஊறி, அது தீப்பிடிக்காமலே போகலாம். விரலால் தொட்டால் மினுமினுப்பு தெரிய வேண்டும், சொட்டு தெரியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

மேசையில் என்னென்ன வேண்டும்

உங்கள் துப்பாக்கியின் அளவுக்குப் பொருந்தும் கம்பி ஒன்று, அதன் முனையில் மாட்டும் வெண்கலப் பிரஷ், பேட்ச் எனப்படும் சிறு பருத்தித் துணிகள், பழைய பல் துலக்கும் பிரஷ், கரைப்பான், துப்பாக்கி எண்ணெய், ஒரு டார்ச். பழைய பனியனைச் சதுரமாக வெட்டினாலே நல்ல பேட்ச் கிடைக்கும். வெண்கலம் எதற்கென்றால் அது இரும்பைவிட மென்மை, ஈயத்தைவிடக் கடினம். ஈயத்தைச் சுரண்டும், பேரலைக் கீறாது. ஸ்டீல் கம்பிப் பிரஷ்ஷை பேரலுக்குள் விடவே கூடாது.

ரிவால்வரைச் சுத்தம் செய்வது

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வர் பழைய வெப்லி வடிவத்தை ஒட்டியது; மேலே பூட்டைத் தள்ளினால் நடுவில் மடிந்து திறக்கும். மற்ற பல ரிவால்வர்களில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றேதான்.

கரைப்பானில் நனைத்த துணியை பேரலுக்குள் ஒருமுறை ஓட்டுங்கள். சிலிண்டரின் ஒவ்வொரு துளையிலும் அப்படியே. பிறகு சில நிமிடம் விட்டுவிடுங்கள். ஊறட்டும். அவசரப்பட்டு உடனே தேய்ப்பதைவிட ஊறவைப்பது பாதி வேலையை முடித்துவிடும். அடுத்து வெண்கலப் பிரஷ்ஷை மறுமுனையில் முழுதாக வெளியே வரும்வரை தள்ளி, பிறகு இழுங்கள். பாதியில் திருப்பினால் பிரஷ்ஷின் இழைகள் மடங்கிச் சிக்கும். அதன் பிறகு உலர்ந்த துணிகள். முதல் துணி கறுப்பாக வரும், போகப் போகச் சாம்பலாகும். கடைசித் துணி வெள்ளைவெளேரென்று வந்தே தீர வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். இலேசான சாம்பல் நிழல் இருந்தால் போதும்.

துணியில் நீலப்பச்சை நிறம் தெரிந்தால் அது செம்பு கரைவதன் அடையாளம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மோனியா கலந்த கரைப்பான் உங்கள் வெண்கலப் பிரஷ்ஷையும் கரைக்கும், அதுவும் அதே நிறம்தான் காட்டும். பேரலில் செம்பே இல்லாவிட்டாலும் துணி நீலமாக வந்துகொண்டே இருக்கும். நீங்களும் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். செம்புக் கரைப்பான் போடும்போது நைலான் பிரஷ் பயன்படுத்துங்கள். புட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் அதை உள்ளே விட்டுவைக்காதீர்கள். நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியில் போடவே வேண்டாம். பல முலாம்களுக்கு அடியில் செம்புப் பூச்சு இருக்கும், விளிம்பு வழியாக இறங்கி முலாமையே உரித்துவிடும்.

இனி இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள சந்து. பொதுவாக 0.1 முதல் 0.2 மி.மீ. அளவுதான் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் சூடான வாயு இதன் வழியே பீறிடும். குண்டு பேரலில் நுழையும் வாயிலில் ஈயம் திட்டாக ஒட்டும். சந்து அடைபட்டால் சிலிண்டர் உரசத் தொடங்கும். பல் பிரஷ்ஷும் கரைப்பானும் கொண்டு இங்கே பொறுமையாகத் தேயுங்கள்.

இரண்டாவது இடம் பலருக்கும் தெரியாது. காலி உறைகளைத் தள்ளிவிடும் நட்சத்திர வடிவத் தகடு சிலிண்டரின் பின்புறம் இருக்கும். அதன் அடியில் ஒரே ஒரு எரியாத மருந்துத் துகள் மாட்டினால் போதும், தகடு முழுதாக உட்காராது. ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். அதன் மேல் அடுத்த தோட்டாக்களை ஏற்றினால் அவற்றின் அடிப்பகுதி பின்சுவரில் உரசி, சிலிண்டர் சுற்றாது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். தகட்டைத் தூக்கிப் பிடித்து, அதன் அடியையும் அது உட்காரும் குழியையும் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தாலே சரியாகிவிடும். அங்கே எண்ணெய் விடாதீர்கள். விட்டால் அடுத்த துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். காலி உறைகளைத் தள்ளும்போது குழல்வாய், அதாவது பேரலின் முன்முனை, மேல்நோக்கி இருந்தால் உறைகளோடு துகளும் கீழே கொட்டிவிடும்.

சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கறுப்பு வளையம் இருக்கும். நெருப்பு பட்ட தழும்பு அது, வேலைக்கு எந்த இடைஞ்சலும் செய்யாது. அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துத் தேய்த்து மேல்பூச்சை எடுத்தவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள்.

ரிவால்வரில் கம்பியைப் பெரும்பாலும் குழல்வாய் வழியாகத்தான் விட முடியும். குண்டு கடைசியாகப் பிரியும் அந்த விளிம்பு மிக முக்கியம். ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு, குண்டைச் சாய்த்துவிடும். கம்பி விளிம்பில் உரசாமல் நடுவில் போகும்படி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டலில் என்ன வேறுபாடு

உங்கள் பிஸ்டலோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். பொதுவாக ஸ்லைடு, பேரல், அதன் ஸ்பிரிங், அடிச்சட்டம் என்று நான்காகப் பிரியும். அதற்கு மேல் திருப்புளி எடுக்க வேண்டாம். பேரலைத் தனியாகக் கழற்ற முடிவதால் கம்பியைப் பின்பக்கமிருந்து, அதாவது குண்டு போகும் திசையிலேயே விடலாம்.

பிஸ்டல் தானாகவே காலி உறையை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். உறையைப் பிடித்து இழுக்கும் சிறு கொக்கியின் அடியில் கரி கெட்டித்துவிட்டால் பிடி நழுவும், உறை பாதியில் மாட்டிக்கொள்ளும். பல் குத்தும் குச்சியால் அந்த மூலையை நோண்டி எடுங்கள். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் பக்கத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஊசி ஓடும் துளையிலும் மேகசினிலும் எண்ணெயே வேண்டாம், உலர்ந்தே இருக்கட்டும்.

.22 போட்டி பிஸ்டல் சுடுபவர்களில் அனுபவசாலிகள் பேரலை அடிக்கடி தேய்ப்பதில்லை. .22 குண்டில் மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு இருக்கும். அது பேரலில் சீராகப் படிந்தபின்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய பேரலில் முதல் சில குண்டுகள் சிதறும். அதனால் போட்டிக்கு முந்தின நாள் பேரலைக் கழுவாதீர்கள். கரி சேரும் மற்ற பாகங்களை மட்டும் துடையுங்கள்.

ஏர் பிஸ்டலைப் பற்றி ஒரு வரி: அதில் நெருப்பே இல்லை, கரியும் இல்லை. இங்கே சொன்ன கரைப்பான்களும் எண்ணெய்களும் அதன் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். அதற்கென்று உள்ள பஞ்சு உருண்டைகள் போதும்.

துப்பாக்கி எதுவாயினும், எல்லாம் மாட்டுவதற்கு முன் பேரலுக்குள் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். உள்ளே ஒரு துணித்துண்டு சிக்கியிருந்து அதோடு சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். அப்படிப் பார்க்கும்போது உட்சுவரில் குழிகளோ வளையம்போல ஒரு நிழலோ தெரிந்தால் சுடாதீர்கள். சிலிண்டர் பூட்டிய பிறகும் ஆடினாலும் அப்படித்தான். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், போகும்போது உங்கள் உரிமத்தையும் கையில் வைத்திருங்கள்.

ஈயம் உங்கள் கையிலும் இருக்கிறது

இது பலருக்கும் புதிதாக இருக்கும். உப்பு பிரைமருக்குப் பதிலாக வந்த பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. அதனால் நீங்கள் துடைத்தெடுக்கும் கறுப்பு மையில் கரியோடு ஈயமும் கலந்திருக்கும், குண்டு செம்பு உறை போட்டதாக இருந்தாலும்கூட. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் நரம்பைப் பாதிக்கும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, கீழே செய்தித்தாள் விரித்து, முடிந்தால் கையுறை போட்டுச் செய்யுங்கள். நடுவில் டீ வேண்டாம். முடிந்ததும் அந்தத் தாளையும் துணிகளையும் மடித்துப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

சுட்டால் அன்றே, முடியாவிட்டால் மறுநாள். கரி இறுகுவதற்கு முன் எடுப்பது எளிது என்பதுதான் காரணம். சுடாமல் வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு இந்தத் தேய்ப்பு எதுவும் தேவையில்லை. அதற்கு எதிரி ஈரம் மட்டுமே. மாதம் ஒருமுறை எடுத்து, காலி என்று உறுதிசெய்து, விரல் பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். கைவியர்வையிலும் உப்பு இருக்கிறது, கைரேகை விழுந்த இடத்திலேயே ரேகை வடிவத்தில் துரு பூப்பதைப் பார்க்கலாம். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலும், வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கறுநீல நிறப் பூச்சு இருப்பதால் துருப்பிடிக்காது என்று எண்ண வேண்டாம். அந்தப் பூச்சும் இரும்பு ஆக்சைடுதான். தன்மேல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் அதன் பலன். எண்ணெய் காய்ந்துபோனால் அதனால் அதிகம் காக்க முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மெதுவாகத் துருப்பிடிக்கும்.

வைக்கும் இடம்

தோல் உறைக்குள் போட்டே அலமாரியில் வைத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். பார்க்கக் கச்சிதமாக இருக்கும், துப்பாக்கிக்கு நல்லதல்ல. தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்த்த ரசாயனங்களும் அதில் இருக்கும். ஈரமும் அவையும் சேர்ந்து இரும்போடு ஒட்டி இருந்தால் துரு வராமல் என்ன செய்யும்? உறையை வெளியே போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். தோட்டாக்களைத் தனியே பூட்டுங்கள்.

நம் ஊரில் இன்னொரு காலம் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் துப்பாக்கி உங்கள் கையில் இருக்காது, நடுவில் யாரும் துடைக்கவும் மாட்டார்கள். அதனால் கொடுப்பதற்கு முந்தின நாளே கரியெல்லாம் எடுத்து, பேரலுக்கு உள்ளேயும் வெளியேயும் வழக்கத்தைவிடச் சற்றுத் தாராளமாக எண்ணெய் தடவி, தோல் உறை இல்லாமல் துணியில் சுற்றிக் கொடுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும்போது ரசீதில் உள்ள நம்பரையும் துப்பாக்கியில் பொறித்த நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் காலி என்று பார்த்துவிட்டு, உலர்ந்த துணியை பேரலில் ஓட்டித் தேங்கிய எண்ணெய் முழுவதையும் எடுத்துவிடுங்கள். பேரலில் எண்ணெய் நிற்கும்போது சுட்டால் முதல் குண்டே வழி தப்பும், அழுத்தமும் கூடும். அதன் பிறகு மெல்லிய படலமாகப் புதிதாகத் தடவிப் பெட்டிக்குள் வைக்கலாம்.